கால்நடை நோய்த் தடுப்பும் கூட்டுறவுக் கடமையும்

கூட்டுறவு என்றால் கடன் பெறுவதும் தவணை செலுத்துவதும், நூல் வாங்குவதும் துணி விற்பதும், பால் அளப்பதும் பட்டுவாடா பெறுவதுமே என்று அங்கத்தினரிற் பலர் கருதியிருக்கின்றனர். இவை யாவும் கூட்டுறவின் தொழில்களே. ஆயின் அதன் உயிர்நாடி வேறொன்றாகும். ஒருவருக்கு நேரும் நஷ்டம் அயலாரையும் தாக்கும். ஒருவர் அடையும் பாதுகாப்பு அயலாருக்கும் பாதுகாப்பாகும் என்பதே அது. இவ்வுண்மை கால்நடை நோய்களின் விஷயத்தில் விளங்குவதைப் போல் வேறெங்கும் அத்துணைத் தெளிவாக விளங்குவதில்லை. ஆகவே, கால்நடை மருத்துவத்தில் அண்மைக் காலத்தில் ஏற்பட்டுள்ள முன்னேற்றங்கள் சிலவற்றையும், அவற்றால் நாம் முழுப் பயனும் பெறுவதற்குச் சங்கங்கள் செய்ய வேண்டுவன யாவை என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துக் கூறுவோம்.

விவசாயிகளுக்குக் கால்நடையின் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. நெசவாளர் குடும்பங்களுக்கும் அது அந்நியமானதன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு தோய இயலாமல் தறி நிற்கும் நாட்களில், கொல்லையிற் கட்டியிருக்கும் வெள்ளாட்டுக் கிடாய் ஒன்றை விற்றே அரிசியும் பருப்பும் வாங்கும் வீடுகள் பல உண்டு. அந்த ஆடே அவ்வீட்டின் சேமிப்பு. கறவைப் பசுவே விவசாயக் கூலியின் மூலதனம். அம்மூலதனம் ஒரு வாரத்தில் அழிந்து போகாமற் காப்பது எவ்வாறு என்பதுதான் கேள்வி.

உலகை விட்டு ஒழிந்த நோய்

பெரியம்மை உலகத்தை விட்டு ஒழிந்ததை யாவரும் அறிவர். அதற்கு அடுத்தபடியாக மனித முயற்சியால் முற்றும் ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் மாடுகளின் வெக்கை நோயே என்பதை அறிந்தவர் சிலரே. நம் பாட்டன்மார் காலத்தில் வெக்கை கண்ட ஊரில் கொட்டில்கள் காலியாகும். உழுவதற்கு ஏர் இராது. 1880-ஆம் ஆண்டுகளின் இறுதியில் இந்நோய் ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடகிழக்கில் புகுந்து, பத்தாண்டுகளில் தென்முனை வரை பரவிற்று. பல பகுதிகளில் பத்து மாடுகளில் எட்டு, ஒன்பது மடிந்தன. எதியோப்பியாவில் அதனைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மக்களில் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

கால்நடை மருத்துவம் ஒரு தனிக் கல்வியாகத் தோன்றியதற்கே இந்நோய் ஒரு முக்கிய காரணம். பிரான்சு நாட்டில் வெக்கை நோய் மாடுகளை வாரிக்கொண்டு போன காலத்தில், 1761-ஆம் ஆண்டில் லியோன் நகரில் உலகின் முதற் கால்நடை மருத்துவப் பள்ளியைக் கிளாட் பூர்ழலா என்பவர் நிறுவினார். நம் நாட்டில் 1889-இல் பூனாவில் தொடங்கப்பெற்ற ஆராய்ச்சிக்கூடம், பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றப்பட்டது. இன்று இஸத்நகரில் இயங்கும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் தொடக்கம் அதுவே. சென்னையில் 1903-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. 1989-இல் கால்நடை மருத்துவத்திற்கென்றே தனிப் பல்கலைக்கழகம் ஒன்று தமிழ்நாட்டில் அமைந்தது.

முக்தேசுவரத்தில் 1920-ஆம் ஆண்டுகளில் ஜே. டி. எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர் ஓர் அரிய உண்மையைக் கண்டார். வெக்கைக் கிருமியை ஓர் ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டிற்குப் பலமுறை மாற்றி மாற்றிச் செலுத்தினால், அது மாட்டைக் கொல்லும் வன்மையை இழந்துவிடுகின்றது; ஆயினும் மாட்டின் உடலில் நோயெதிர்ப்பை உண்டாக்கும் தன்மையை இழப்பதில்லை. இதனைக் கொண்டே நம் நாட்டில் தடுப்பூசி மருந்து ஆக்கப்பட்டது. 1954-இல் வெக்கை ஒழிப்புத் திட்டம் தேசிய அளவில் தொடங்கிற்று. பிற்காலத்தில், கென்யாவில் உழைத்த வால்ட்டர் பிளௌரைட் என்பவர் உயிரணுக்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, அவற்றில் இன்னும் தீங்கற்ற மருந்தை ஆக்கினார். இதற்காக அவருக்கு 1999-இல் உலக உணவுப் பரிசு அளிக்கப்பட்டது.

மருந்து கிடைத்துவிட்டதனால் மாத்திரம் நோய் ஒழிந்துவிடவில்லை. மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டும். பாலைவனத்திலோ குளிர்ப்பெட்டி கிடையாது. வெப்பத்தைப் பல நாட்கள் தாங்கக்கூடிய உறைந்துலர்ந்த மருந்தை ஜெஃப்ரி மரைனர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் கண்டனர். எதியோப்பியாவின் அஃபார் பகுதியில் மருத்துவர்கள் செல்ல முடியாத இடங்களுக்கு, 1994-ஆம் ஆண்டு முதல் மாடு மேய்ப்பவர்களே பயிற்சி பெற்று மருந்தைச் சுமந்து சென்று ஊசி போட்டனர். எந்த மந்தை எந்த மாதத்தில் எங்கே மேயும், எவருடைய மாடு நோயுற்றுள்ளது என்பன அவர்களுக்கே தெரியும். அறிவியலும் ஊராரின் அறிவும் ஒன்று சேர்ந்த அவ்விடத்தில் வெக்கை தோற்றது.

2006-இல் இந்தியா இந்நோயற்ற நாடென உலகக் கால்நடை நல அமைப்பினால் ஏற்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் இந்நோய் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. இன்றைய கால்நடை மருத்துவ மாணவர் வெக்கை நோயைப் புத்தகத்தில் மாத்திரமே காண்கின்றனர். இதைவிடப் பெரிய வெற்றி எந்த மருத்துவத்திற்கும் உண்டோ?

கோமாரி ஒழியாதது ஏன்?

வெக்கையை ஒழித்த நாம் கோமாரியை ஏன் இன்னும் ஒழிக்கவில்லை என்று அங்கத்தினர்கள் கேட்பது நியாயமே. அதற்கு விடை நோயின் இயல்பிலேயே உள்ளது.

வெக்கைக் கிருமி ஒரே இனம். ஒருமுறை ஊசி போட்ட மாட்டிற்கு நெடுங்காலப் பாதுகாப்பு உண்டு. நோயினின்று தப்பிய மாடு கிருமியைத் தன்னுள் வைத்துக்கொண்டு திரிவதில்லை. கோமாரியோ இம்மூன்றிலும் மாறுபட்டது. அதன் கிருமியில் ஏழு வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிரான ஊசி மற்றொரு வகையைத் தடுக்காது. ஆகவேதான் நம் நாட்டில் போடப்படும் ஊசியில், இங்கே காணப்படும் மூன்று வகைகளுக்கும் மருந்து சேர்க்கப்படுகின்றது. அவ்வூசியின் பாதுகாப்பும் சில மாதங்களில் குறைந்துவிடும். எனவே ஆறு மாதத்திற்கொருமுறை மீண்டும் போடவேண்டும். நோயினின்று தேறிய மாட்டின் தொண்டையில் கிருமி பல மாதங்கள் தங்கியிருத்தலும் உண்டு.

சென்ற ஆண்டு போட்டாகிவிட்டது, இவ்வாண்டு எதற்கு என்று கூறுபவர் வெக்கையின் கணக்கைக் கோமாரிக்குப் போடுகின்றனர். இது பெரும்பிழையாகும்.

2019-ஆம் ஆண்டில் மத்திய அரசு தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2030-க்குள் கோமாரியை ஒழித்துவிட வேண்டுமென்பது அதன் குறிக்கோள். ஊசி இலவசமாகவே போடப்படுகின்றது. ஒவ்வொரு மாட்டிற்கும் பன்னிரண்டு இலக்க எண் பொறித்த காதுவில்லை அணிவித்து, எந்த மாட்டிற்கு எந்நாளில் ஊசி போடப்பட்டது என்பது பதிவு செய்யப்படுகின்றது.

இனி வரவு செலவைப் பார்ப்போம். ஊசி போட்டால் பால் குறைகின்றது என்பது பலர் கூறும் தடை. ஓரிரு நாட்கள் சிறிது குறைதல் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. நாளொன்றுக்கு அரை லிட்டர் வீதம் மூன்று நாட்கள் குறைந்ததென்றே கொள்வோம். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் நஷ்டம் சுமார் 53 ரூபாய். கோமாரி கண்டாலோ, 6 லிட்டர் கறந்த பசு 2 லிட்டராகக் குறைந்து, அந்நிலை 30 நாட்கள் நீடித்தால், 120 லிட்டர் பால், அதாவது 4,200 ரூபாய் போயிற்று. அத்தகைய பசுக்கள் ஓர் ஊரில் 50 இருப்பின் 2,10,000 ரூபாய். மருந்துச் செலவும், பருவத்திற்கு வராமல் மலடாகும் பசுவும், திடீரென இறக்கும் கன்றும் இக்கணக்கிற் சேரவில்லை. 53 ரூபாயைக் காக்க 4,200 ரூபாயைப் பணயம் வைப்பது எந்த வணிகத்திலும் அடங்காது.

ஓர் ஊரில் பத்து வீட்டில் ஒன்பது வீட்டு மாடுகளுக்கு ஊசி போட்டுப் பத்தாம் வீட்டை விட்டுவிட்டால், அந்த ஒரு வீட்டுக்கு மாத்திரந்தான் ஆபத்து என்று எண்ணலாகாது. ஊசியின் பயன் எல்லா மாட்டிற்கும் ஒரே அளவில் அமைவதில்லை. இளங்கன்றுகளுக்கும் மெலிந்த மாடுகளுக்கும் அது குறைவாகவே பிடிக்கும். அவற்றைக் காப்பது சுற்றியுள்ள மாடுகளின் நோயெதிர்ப்பே. ஏரிக்கரையில் எல்லாரும் தத்தம் பங்கை உயர்த்திக் கட்டியும் ஒருவர் மாத்திரம் கட்டாமல் விட்டால், வெள்ளம் அந்த ஒருவர் வயலோடு நின்றுவிடுமா?

அரசூர் ஆடுகள் தந்த காப்பு

ஆடு வளர்ப்போர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. காய்ச்சல், மூக்கிற் சளி, வாய்ப்புண், கழிச்சல் ஆகியவற்றுடன் மந்தை மந்தையாக ஆடுகளைக் கொல்லும் ஆட்டுக்கொல்லி நோய், வெக்கைக்கு நெருங்கிய உறவான கிருமியால் உண்டாவது. இந்தியாவில் அது முதன்முதல் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். 1987-ஆம் ஆண்டில் விழுப்புரத்தையடுத்த அரசூரில் செம்மறியாடுகள் நோயுற்ற போது, அது வெக்கையன்று, ஆட்டுக்கொல்லியே என்று ஆராய்ச்சியாளர் நிறுவினர்.

அதன்பின் நடந்தது வியக்கத்தக்கது. அரசூரில் எடுக்கப்பட்ட அக்கிருமியையே சென்னையில் ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்த்து வன்மை குன்றச் செய்து, தடுப்பூசி மருந்தாக ஆக்கினர். அவ்வூரின் பெயரே அம்மருந்துக் கிருமிக்கும் நிலைத்தது. வடநாட்டில் கிடைத்த கிருமியினின்று இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார் ஆக்கிய மற்றொரு மருந்தும் உண்டு. அன்று ஓர் ஊரார் தம் ஆடுகளின் நோயை மறைக்காமல் அரசாங்கத்திற்கு அறிவித்திராவிடில், இன்று நாடு முழுவதும் ஆடுகளைக் காக்கும் இம்மருந்து நமக்குக் கிட்டியிருக்குமோ? அங்கத்தினர்கள் இதனை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

வெக்கையைப் போலவே இந்நோயின் கிருமிக்கும் ஓர் ஊசியே போதும்; பாதுகாப்பு மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் நிற்கும். ஆகவே இதனையும் 2030-க்குள் உலகத்தை விட்டு ஒழித்துவிட முடியும் என்று உலக நாடுகள் முனைந்துள்ளன. இரண்டு ஆடு வைத்திருப்பவரும் இம்முயற்சியில் ஒரு பங்காளியே.

மனிதரையும் தொடும் நோய்கள்

சினையான பசு ஐந்து மாதத்திற்குப் பின் கன்று வீசினால் அதனை விதியென்று விட்டுவிடலாகாது. அது கருச்சிதைவு நோயாக இருக்கலாம். இந்நோய் கன்றோடு நிற்பதில்லை. வெறுங்கையால் நஞ்சுக்கொடியை எடுப்பவருக்கும், காய்ச்சாத பாலைக் குடிப்பவருக்கும் தொற்றி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டு வலியையும் உண்டாக்கும். நான்கு முதல் எட்டு மாதம் வரையுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே முறை ஊசி போட்டால் போதும். எட்டு மாதம் கடந்துவிட்டால் அவ்வாய்ப்பு போய்விடும். கன்று பிறந்த தேதியைச் சங்கத்தில் எழுதி வைப்பதன் அவசியம் இதனால் விளங்கும்.

தோற்கழலை நோயை அண்மையில் எல்லாரும் கண்டோம். 1929-இல் ஆப்பிரிக்காவில் அறியப்பட்ட இந்நோய் 2019-இல் ஒடிசாவில் நம் நாட்டில் முதலிற் காணப்பட்டது. 2022-இல் வடமாநிலங்களில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. ஈயும் கொசுவும் உண்ணியும் இதனைப் பரப்புகின்றன. இக்கிருமிக்கு ஆட்டம்மைக் கிருமி உறவாதலால், ஆட்டம்மைத் தடுப்பூசியை மாடுகளுக்குப் போட்டு அப்போது காத்தனர். அவ்வாண்டிலேயே ஹிசாரிலும் இஸத்நகரிலும் உள்ள ஆராய்ச்சியாளர் இந்நோய்க்கென்றே ஒரு மருந்தையும் ஆக்கினர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேற்கூறிய நோய்களில் கோமாரியும் ஆட்டுக்கொல்லியும் தோற்கழலையும் வைரஸ் கிருமிகளால் வருவன. பென்சிலின் போன்ற மருந்துகள் அவற்றைக் கொல்லமாட்டா. புண்ணிற் பிற கிருமிகள் சேராமல் தடுப்பதற்கு மருத்துவர் தேர்ந்து கொடுக்கலாம், அவ்வளவே. கடையில் தாமே வாங்கிக் கண்டபடி போடுவதால், அம்மருந்திற்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. இக்காரணம் பற்றியே, மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்னும் மருந்தைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்துவதை அரசாங்கம் 2019-இல் தடை செய்தது. ஊசி போட்ட பசுவின் பாலை மருத்துவர் கூறிய நாட்கள் வரை சங்கத்தில் ஊற்றாதிருப்பது அங்கத்தினரின் நாணயத்தைப் பொறுத்ததாகும்.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

மருத்துவர் ஒருவருக்குப் பல ஊர்கள். மருந்தைக் கொணர்வது அவர் கடமை. மாட்டைக் கொணர்வது நம் கடமை. ஆதலின் சங்கங்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

1. ஊரிலுள்ள எல்லாக் கால்நடைகளுக்கும் ஒரு பதிவேடு வேண்டும். பால் ஊற்றும் பசுக்களோடு வற்றுக் கறவை, கிடாரி, உழவு மாடு, அங்கத்தினரல்லாதார் ஆடு ஆகிய யாவும் அதில் இடம்பெற வேண்டும். நோய் பங்குத் தொகை கட்டியவரா என்று பார்த்து வருவதில்லை.

2. ஊசி போடும் நாளை மருத்துவரோடு கலந்து முன்கூட்டியே நிர்ணயித்துத் தண்டோரா போட வேண்டும். மேய்ச்சலுக்குப் போகுமுன் விடியற்காலையில் தொடங்குதல் நலம். நிறைசினைப் பசுவையும் காய்ச்சலுள்ள மாட்டையும் பற்றி மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிட வேண்டும்.

3. கோமாரி மருந்து 2 முதல் 8 டிகிரி வரையான குளிர்ச்சியில் இருக்க வேண்டும். வெயிலிற் பட்டாலும் கெடும். உறைந்து கட்டியானாலும் கெடும். பனிக்கட்டிப் பெட்டியைக் காத்து உடன் செல்ல ஓர் அங்கத்தினரை நியமிக்கலாம். மாட்டிற்கு மாடு ஊசியை மாற்றுவதையும் அவர் கவனிக்கட்டும்.

4. சந்தையில் வாங்கிய மாட்டை மூன்று வாரம் தனியே கட்ட வேண்டும்.

5. வாயில் நுரை தள்ளி, குளம்பிடையிற் புண் கண்ட மாட்டை மற்றவற்றினின்று பிரித்து அன்றே மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்னும் தொலைபேசி எண்ணில் அழைக்கலாம். அம்மாட்டின் மடியில் கன்றை ஊட்டவிடலாகாது. அதனைச் சந்தைக்கு ஓட்டுவதும் ஆகாது.

இவ்வைந்தும் எளியனவே. ஆறாவதாக நாம் கூறப்போவதே கடினமானது. எனினும் அதுவே தலையாயது.

நோய் கண்டவர் ஏன் மறைக்கின்றனர்? ஒரே ஒரு பசு வைத்திருக்கும் ஏழைப் பெண் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். அப்பசுவின் வாயில் கொப்புளம் கண்டதை அவள் வெளியிற் சொன்னால், அன்று மாலையே அவளுடைய பால் நிறுத்தப்படும். சங்கத்திற் கடன் தவணை நிற்கும். அண்டை அயலார், உன் மாட்டால்தான் ஊருக்கு நோய் வந்தது என்பர். சொல்லாமல் இரவோடிரவாகச் சந்தைக்கு ஓட்டிவிட்டால் பாதி விலையாவது கிடைக்கும். உண்மை கூறியவருக்குத் தண்டனையும் மறைத்தவருக்கு ஆதாயமும் கிடைக்கும் நிலையை நாமே உண்டாக்கி வைத்துக்கொண்டு, அவளை மாத்திரம் குறை கூறுவது அறமாகாது.

ஆகவே, ஒவ்வொரு சங்கமும் தன் சட்டதிட்டங்களுக்கு உட்பட்டு நோய்க்கால உதவி நிதி ஒன்றை ஏற்படுத்த வேண்டும். ஊரில் முதலில் நோயை அறிவிப்பவருக்கு, பால் நின்ற நாட்களுக்கு ஒரு சிறு தொகையும், கடன் தவணைக்கு அவகாசமும் அளிக்க வேண்டும். அங்கத்தினர் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு லிட்டர் பாலின் விலையை நான்கு வாரம் கொடுத்தாலே, 100 பேருள்ள சங்கத்தில், லிட்டர் 35 ரூபாய் வீதம் 14,000 ரூபாய் சேரும். மேலே கண்ட 2,10,000 ரூபாய் நஷ்டத்திற்கு எதிரே இது எம்மாத்திரம்? அப்பெண்ணுக்கு நாம் அளிக்கும் தொகை தருமமன்று; ஊரைக் காத்ததற்கு அவளுக்குச் சேர வேண்டிய கூலியாகும்.

வெக்கை ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில் நாடெங்கும் ஊசி போடுவதை நிறுத்திவிட்டு, நோய் எங்கேனும் ஒளிந்துள்ளதா என்று ஊர் ஊராகத் தேடினர். அத்தேடலில் மருத்துவரின் நுண்பெருக்காடியைப் போலவே மாட்டுக்காரரின் உண்மைச் சொல்லும் பயன்பட்டது. கோமாரியும் ஆட்டுக்கொல்லியும் ஒழிவதும் அவ்வாறுதான். மருந்தை ஆராய்ச்சிக்கூடம் தருகின்றது. நம்பிக்கையை ஊர்தான் தர வேண்டும்.

அடுத்து வரும் பொதுமகாசபையில் இவ்வுதவி நிதியைப் பற்றி ஒரு தீர்மானம் கொணருமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றோம். அதற்கு முன்பாகவே, உங்கள் கொட்டிலில் எந்தக் கன்றுக்கு எந்த ஊசி இன்னும் போடப்படவில்லை என்பதை இன்று மாலை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.